கத்திச்சவுக்கை வெட்டினால் தீ நிற்குமா? கடலூர்ச் செம்மண் மேட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில், கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் உள்ள ஓர் ஊராட்சியின் புறம்போக்குத் தோப்பு எரிந்தது. தோப்பில் நின்றவை பெரும்பாலும் கத்திச்சவுக்கு, அதாவது ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினி பக்கத்து மரம். தீ தோப்போடு நிற்காமல் மேற்கே இருந்த முந்திரித் தோட்டங்களுக்குள் புகுந்தது. ஒரு வைக்கோல் போரும் இரண்டு கொட்டகைகளும் போயின. உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த வாரமே ஊரில் ஒரு கோரிக்கை கிளம்பியது: அயல் மரம் ஒன்று விடாமல் வெட்டித் தள்ள வேண்டும்.

அந்தக் கோரிக்கை என்ன ஆனது, அதில் எது பலித்தது, எது கெட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே தினமும் முகம் பார்த்துப் பழக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாட்டு மர நாற்றுப்பண்ணை வைத்திருப்பவன். அயல் மரம் போய் நாட்டு மரம் வந்தால் எனக்கு வியாபாரம். நான் சொல்வதை அந்தக் கணக்கையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

இடமும் மரமும்

இந்தச் செம்மண் மேட்டுக்குக் கேப்பர் மலை என்று பேரே தவிர, ஏறி முடித்ததும் அது மேட்டு நிலமாகப் பரந்துவிடும். முந்திரி, பலா, சவுக்கு, மழை பார்த்து விதைக்கும் மல்லாட்டை (நிலக்கடலை), இவைதான் வெள்ளாமை. மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை மாசி வருவதற்குள் மண்ணை விட்டு இறங்கிவிடும். அதற்கப்புறம் ஆடி வரைக்கும் தரையில் இருப்பதெல்லாம் தீக்குத் தீனி.

இந்தத் தோப்பு 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பேரில் வந்தது. அப்போது அது வெறும் செம்மண் பொட்டல். மழை அரித்த ஓடைகள். கத்திச்சவுக்கு வறண்ட மண்ணில் பிடிக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து வேரில் கட்டும், ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது. இதே மேட்டு மண்ணின் வடக்குத் தொடர்ச்சியில், புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லிலும் பொட்டலை மூட இந்த மரம் நிறையவே பயன்பட்டது. அதன் நிழலில்தான் அங்கே நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஆகவே இதை யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து தலையில் கட்டிய சனியன் என்று பேசுவது நியாயமில்லை. அது வந்த வேலையைச் செய்தது.

கெட்டது அப்புறம்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. கத்திச்சவுக்கு புயலுக்குத் தாங்காத மரம். கிளை பிளந்து, நடுமரம் முறிந்து விழும். பெரிய மரங்கள் பாதிக்கு மேல் போனதும் வெளிச்சம் தரைக்கு வந்தது. மண்ணில் கிடந்த விதை அத்தனையும் ஒரே நேரத்தில் முளைத்தது. யாரும் கலைத்து, அதாவது நடுநடுவே வெட்டி, இடைவெளி விடவில்லை. பத்து ஆண்டுகளில், நடந்து போனால் தோள் இரண்டும் இடிக்கும் அளவுக்கு ஒல்லிக் கழிகளாக அது அடைந்துவிட்டது. ஊரில் பலரும் "முப்பது வருசத்துத் தோப்பு" என்று சொன்னாலும் எரிந்தது தானேவுக்குப் பிந்தைய தோப்புதான்.

சருகைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் யாரும் அதைப் பேசவில்லை. கத்திச்சவுக்கின் இலை என்று நாம் பார்ப்பது, தாவரவியல்படி இலையே இல்லை, தட்டையான காம்பு. கத்தி போல வளைந்து, தோல் போலத் தடித்திருக்கும். லேசில் மக்காது. தீ பிடிக்காமல் தப்பிய ஒரு மூலையில் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு மூழ்கிய பிறகும் செம்மண் தட்டுப்படவில்லை. மேலே இருந்தது அப்பளம் போல நொறுங்கியது. அடியில் இருந்ததும் காய்ந்தே இருந்தது, நடுவே காற்று போகும் இடைவெளி. இப்படி அடுக்கிய சருகு ஒருநாள் வெயிலில் பற்றும் பதத்துக்கு வந்துவிடும். தோப்புக்குத் தெற்கே ஒட்டினாற்போல் அய்யனார் கோயில் காடு இருக்கிறது. அங்கே வீரை, காசான், உலக்கைப்பாலை, எட்டி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அங்கேயும் சருகு உண்டு. ஆனால் மேலாக ஒரு விரல் கனம்தான். கிளறினால் கறையான் மண்ணும் பொடியாகிப் போன இலையும். தீ அந்தக் காட்டின் ஓரம் வரை வந்து, முன்வரிசைச் செடிகளைக் கருக்கிவிட்டு நின்றிருந்தது.

ஊர் அதை அய்யனார் சத்தியம் என்றது. அந்தக் காட்டில் காற்று நுழைய இடமில்லை, நிழலில் புல் கிடையாது, இலை பச்சையாகவே இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. "அதைத்தாம்பா நாங்களும் சொல்றோம்" என்றார் பூசாரி.

சருகு ஏன் சேர்ந்தது

ஒரு காலத்தில் இந்தத் தோப்பில் சருகே நிற்காது. விடிகாலையில் பெண்கள் விளக்குமாறும் சாக்குமாகப் போவார்கள். மிலாறு (சுள்ளி) அடுப்புக்கு, சருகு நெல் அவிக்கவும் சூளைக்கும். 2007 வாக்கில் அரசின் இலவச காஸ் அடுப்பு வந்தது, அடுத்த பத்தாண்டில் சிலிண்டர் எல்லா வீட்டிலும் ஏறியது. கூட்டுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அப்புறம் ஏலத்துக்கு விட வேண்டிய மரத்தைத் திருடுகிறார்கள் என்று ஊராட்சி முள்கம்பி போட்டது. திருட்டு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பி விறகுத் திருடனை நிறுத்தியதைவிடச் சருகு கூட்டுகிறவளைத்தான் நிறுத்தியது. ஆடும் உள்ளே போகவில்லை. தீ வந்த அந்த மே மாதம் சிலிண்டர் விலை ஆயிரத்து நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. விறகுக்குத் திரும்பலாம் என்று நினைத்த வீடுகள் ஏராளம், கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு.

தீ வந்த விதம்

தோப்பின் கிழக்கு ஓரத்தில் சாலை. சாலையோரம் ஊர்க் குப்பை கொட்டும் இடம். முந்தின நாள் சாயங்காலம் குப்பையைக் கொளுத்தி, தண்ணீர் தெளித்து, அணைந்தது என்று விட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் உச்சிவெயிலில் மேல்காற்று அடித்தபோது அடியில் கனன்றது மறுபடி பிடித்தது. மேற்கிலிருந்து அடித்த காற்று தீயைச் சாலைப் பக்கமே தள்ளியது. தார் ரோட்டைத் தாண்ட முடியாமல் அது ஓரமாகவே மெல்ல மேய்ந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணி வாக்கில் கடற்காற்று உள்ளே வந்தது. இந்தக் கரையில் கோடைக்காலத்தில் கடற்காற்றுக்குத்தான் எல்லோரும் காத்திருப்போம். அன்றைக்கு அது வினையாகிவிட்டது. காற்று அப்படியே திரும்ப, ஓரமாக மேய்ந்த நீளமான தீ முழுவதும் ஒரே நேரத்தில் மேற்கே முகம் வைத்தது. தரைச் சருகில் ஓடி, ஒல்லிக் கழிகளின் காய்ந்த கீழ்க்கிளைகளில் ஏறி, முந்திரித் தோட்டத்து வேலியைத் தாண்டியது. தீயணைப்பு வண்டி வந்தது. தோப்புக்குள் வண்டி நுழையப் பாதையில்லாததால் சாலையில் நின்றுதான் பீச்சியடிக்க முடிந்தது. முந்திரித் தோட்டத்தில் தீயைப் பிடித்தவர்கள் தழைக் கொத்துகளோடும் மருந்தடிக்கும் டேங்குகளோடும் நின்ற ஊர்க்காரர்கள்.

அங்கே ஒன்று கவனிக்க வேண்டியிருந்தது. சில முந்திரித் தோட்டங்களில் தீ நான்கைந்து மரங்களோடு அடங்கியது, சிலவற்றில் உள்ளே வெகுதூரம் போனது. முந்திரி விழுகிற காலத்தில் கொட்டை பொறுக்க வசதியாக மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைப்பது வழக்கம். கூட்டிய தோட்டங்கள் தப்பின. வெளியூரில் இருந்துகொண்டு குத்தகைக்கும் விடாமல் போட்டுவைத்த தோட்டங்கள்தான் எரிந்தன. எல்லாம் ஒரே மரம்தான்.

யார் என்ன சொன்னார்கள்

முந்திரிக்காரர்கள் நிலை தெளிவானது. பத்து, பதினைந்து ஆண்டு வளர்த்த மரம், அதுவும் தானேவில் எல்லாம் சாய்ந்த பிறகு மறுபடி வைத்துக் காய்ப்புக்கு வந்தது, போய்விட்டது. தோப்பு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு சித்திரையிலும் வயிற்றில் நெருப்பு. முழுக்க வெட்டு. வேரோடு பிடுங்கு.

இளைஞர் மன்றத்துப் பையன்களும் அதையே கேட்டார்கள், வேறு காரணத்துக்கு. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றிக் கொள்கை வெளியிட்டிருந்தது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகள் வந்த 2017ஆம் ஆண்டின் பரபரப்பு அவர்களுக்குப் பள்ளிக்கூட நினைவு. அந்த அகற்றலுக்கு அதே ஆண்டிலேயே இடைக்காலத் தடை விழுந்ததும், பொக்லைன் போன இடங்கள் பலவற்றில் மறுபடி சீமைக்கருவேலமே தழைத்ததும் அவ்வளவாக நினைவில் இல்லை. நல்ல பிள்ளைகள், உழைக்கத் தயார். ஆனால் 'அயல்' என்ற ஒரு சொல்லே போதும் என்று நினைத்தார்கள்.

ஊராட்சிக்கு ஏலப் பணம் வேண்டும். மர வியாபாரிக்கு மொத்தமாக வேண்டும். கலைத்து எடுப்பது அவருக்குக் கூலிக்குக் கட்டாது. பெண்களுக்குக் கம்பி எடுத்தால் போதும். தோப்புக்குக் கிழக்கே குடியிருந்தவர்கள் மேல்காற்றும் செம்புழுதியும் வீட்டுக்குள் வரும் என்று வெட்டவே கூடாது என்றார்கள்.

முதல் தீர்மான வரைவில் "அயல் நாட்டு மரங்கள் அனைத்தையும்" என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்துக் காட்டியதும் பட்டா நிலத்தில் சவுக்கு வைத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சவுக்கு வேறு, கத்திச்சவுக்கு வேறு என்றாலும் சவுக்கும் அந்தப் பக்கத்து மரம்தான். ஆனால் கடலூர் மாவட்டத்தில் சவுக்கு என்பது சாரக்கட்டைக்கும் காகித ஆலைக்கும் போகிற பணப்பயிர், மகள் கல்யாணச் செலவு. 2004 சுனாமியில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு என்று 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இந்த மாவட்டக் கரையைத்தான் எடுத்துக்கொண்டது. அதை ஒரு ஆசிரியர் சொன்னார். கூச்சல் அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஓர் ஆயா கேட்டார்: "ஏம்பா, முந்திரி மட்டும் எங்க அய்யனாரு வச்சதா?"

போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான் முந்திரி. மல்லாட்டையும் தென்னமெரிக்கா. சிரிப்பில் கூட்டம் கலைந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு வரைவில் 'அயல் நாட்டு' என்ற அடைமொழி போய், 'ஊராட்சித் தோப்பிலுள்ள கத்திச்சவுக்கு' என்று ஆனது. என் கணக்கில் அந்த ஆண்டு நடந்த மிக நல்ல திருத்தம் அதுதான்.

கலிபோர்னியாவிலிருந்து வந்த குரல்

ஊர்ப் பையன் ஒருவர் ஃப்ரீமான்ட்டில் கணினி வேலையில் இருக்கிறார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு நீண்ட குரல் பதிவு போட்டார்: அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஓக்லண்ட், பெர்க்லி குன்றுகளில், இதே சண்டை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது என்று. பிறகு நானும் தேடிப் படித்தேன். நம் ஊருக்கு அது எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாக இருந்தது.

அங்கே மரம் தைலமரம். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிராங்க் ஹேவன்ஸ் என்ற நில வியாபாரி, மரம் விற்றுப் பணக்காரராகலாம் என்று குன்று முழுக்க லட்சக்கணக்கில் நட்டார். இளம் மரத்தை அறுத்தால் முறுக்கிக்கொண்டு வெடித்தது. வியாபாரம் படுத்தது, மரம் நின்றுவிட்டது. 1991 அக்டோபர் 19 அன்று அந்தக் குன்றில் ஒரு புல் தீ. அணைத்தார்கள். மறுநாள் வறண்ட வடகிழக்குக் காற்றில் அடியில் இருந்த கனல் கிளம்பியது. 25 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. தைலமரத்தின் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். அது பற்றிக்கொண்டு காற்றில் பறந்து எங்கோ தள்ளி இன்னொரு கூரையில் விழும்.

அதற்கப்புறம் பெர்க்லி பல்கலைக்கழகம், ஓக்லண்ட் நகராட்சி, வட்டாரப் பூங்கா நிர்வாகம் மூன்றும் மத்திய பேரிடர் முகமையிடம் பணம் கேட்டன. முதல் இரண்டும் தைலமரம், மாண்டெரி பைன், அகேசியா எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றன. மாண்டெரி பைன் அதே மாநிலத்து மரம், கொஞ்சம் தெற்கே தள்ளிப் பிறந்தது. அந்தக் குன்றுக்கு அது அயல் என்று கணக்கு! பூங்கா நிர்வாகம் கலைத்து இடைவெளி விட்டால் போதும் என்றது. 2015இல் முடிவு வந்ததும் இரண்டு பக்கமும் வழக்குப் போட்டார்கள். மரத்தைக் காக்க வேண்டும் என்ற உள்ளூர் அமைப்பு, உயரமான மரத்தை வெட்டி, சில்லுகளாக்கி அங்கேயே பரப்பினால் நிழல் போகும், புல்லும் புதரும் வரும், அவைதான் சீக்கிரம் பற்றும் என்றது. வெட்டிய அடிக்கட்டை துளிர்க்காமலிருக்கப் பல ஆண்டு களைக்கொல்லி பூச வேண்டும் என்பதும் அவர்கள் புகார். மறுபக்கம் சியரா கிளப் என்ற பழைய சூழல் அமைப்பு, முழுக்க வெட்டாதது போதாது என்று வழக்குப் போட்டது. 2016இல் சமரசமாகி, பல்கலைக்கழகத்துக்கும் நகராட்சிக்கும் ஒதுக்கிய பணம் திரும்பப் போனது. கலைத்து வெட்டும் பூங்கா நிர்வாகத்துக்கு மட்டும் பணம் நின்றது.

எங்கள் ஆகஸ்ட் 15 கிராம சபைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 2023 ஆகஸ்ட் 8 அன்று, ஹவாயில் லஹைனா நகரம் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கேயும் காலையில் பிடித்த தீயை அணைத்துவிட்டதாக நினைத்தார்கள், பிற்பகலில் அது மறுபடி கிளம்பியது. அங்கே ஓடியது மரத்தில் அல்ல. கரும்புத் தோட்டங்கள் மூடிய பிறகு கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தில் மண்டிய அயல் புல்லில். எந்தப் புல்? முக்கியமாகக் கினிப் புல், கொழுக்கட்டைப் புல். கடலூரில் மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இரண்டும் நல்ல தீவனம் என்பார்கள், விதை வாங்கி விதைப்பார்கள். அங்கே ஊரை எரித்த புல் இங்கே மாட்டுத் தொட்டியில் கிடக்கிறது. ஏனென்றால் இங்கே அறுக்கிறவர் இருக்கிறார்.

நான் சொல்ல வருவது இதுதான். கத்திச்சவுக்கில் தைலமரத்தைப் போல் எண்ணெயும் இல்லை, பறக்கிற நாடாப் பட்டையும் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் தருப்பை மண்டி ஆண்டுதோறும் எரிகிற நிலங்களில் நிழலால் புல்லை அடக்க இதே மரத்தை நட்டார்கள். அதனால் ஓக்லண்டைக் காட்டி இங்கே வெட்டச் சொல்ல முடியாது. நாட்டுத் தாவரம் எரியாது என்பதும் இல்லை; 2018 மார்ச்சில் குரங்கணியில் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்ற தீ மலைப்புல்லில் ஓடியதுதான். ஓக்லண்டுக்கும் லஹைனாவுக்கும் நம் ஊருக்கும் பொதுவாக இருப்பது வேறு: அணைந்தது என்று விட்ட கனல், பலத்த காற்று, யாருமே தொடாமல் சேர்ந்த சன்னமான தீனி. மரத்தின் பிறந்த ஊர் இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

தீர்மானமும் நடந்ததும்

கிராம சபையில் கடைசியில் நடுவழிதான் ஒப்பாயிற்று. முந்திரிப் பக்கமும் சாலைப் பக்கமும் சுமார் நூறடி அகலத்துக்கு முழுக்க வெட்டி வெளியாக்குவது. நடுவில் ஒல்லிக் கழிகளைக் கலைத்து, பெரிய மரங்களை நிழலுக்கு விட்டு, கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிட்டு, இடையில் கோயில் காட்டு மரங்களின் கன்றுகளை நடுவது. வண்டி போக ஒரு பாதை. குப்பையை வேறு இடத்துக்கு மாற்றுவது. முள்கம்பியை எடுத்து, மகளிர் குழுக்களுக்குச் சருகு கூட்டும் உரிமை கொடுப்பது. வனத்துறை மதிப்பீடு, வட்டாட்சியர் அனுமதி, ஏலம் என்று நடக்க வேண்டியது நடந்து, வெட்டுக் கத்தி விழுந்தபோது புரட்டாசி.

நடுப்பகுதி ஓரளவு சொன்னபடி வந்தது. கிழக்குப் பக்கம்தான் வம்பு. ஏலம் எடுத்தவர் ஆட்கள், நூறடிக்கு அளந்து அடித்த முளையைத் தாண்டி, மரம் எடுப்பதற்குச் சுலபமாக இருந்த அந்த மூலை முழுவதையும் மொட்டையடித்துவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்றில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் முதலிலேயே முழுக்க வெட்டச் சொன்னவர்கள். பணம் கட்டாத மிலாறும் கொப்பும் அங்கேயே குவிந்து கிடந்தன.

அந்த மழையில் நடுவே நட்ட வீரையும் நாவலும் மகிழமும் பாதிக்குப் பாதி பிடித்தன. நாட்டுக் கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடைதான் கண்டம். நிழல் இருந்த இடத்தில் தாக்குப்பிடித்தன. மொட்டையான மூலையில் நட்டவை தை மாதமே சுருண்டுவிட்டன. அங்கே வந்தது என்ன? இடுப்பளவு புல். அதனடியில் நெருக்கமாகக் கத்திச்சவுக்கு நாற்று, நூறா ஆயிரமா என்று எண்ண முடியாது. தீ பட்ட விதை, வெளிச்சம் பட்ட மண், வேறென்ன வரும்? ஓரத்தில் இரண்டு மூன்று சீமைக்கருவேலமும் தலைகாட்டியது.

2024 கோடையில் மறுபடி தீ. இந்த முறை சாலையில் போன யாரோ போட்ட பீடியோ எதுவோ. மொட்டையான மூலை சில நிமிடத்தில் எரிந்து முடிந்தது. முழுக்க வெட்டிய இடம்தான் முதலில் எரிந்தது. கலைத்த பகுதிக்குள் நுழைந்ததும் தீ முழங்கால் உயரத்துக்கு இறங்கி, கூட்டிய தரையில் துண்டு துண்டாக அறுந்தது. புதிய பாதை வழியாக வண்டி உள்ளே வந்து அணைத்தது. முந்திரிக்குப் போகவில்லை. மேற்கு நூறடிப் பட்டையில் புல் வந்திருந்தாலும் அது தாழ்வாகவே இருந்தது. கம்பி போனதும் ஆட்டுக்காரர்கள் அங்கேதான் கட்டினார்கள். வெட்டுப் பட்டையைக் காப்பாற்றியது வெட்டு அல்ல, ஆடு.

இதை வைத்து "பார்த்தீங்களா, வெட்டவே கூடாதுன்னு சொன்னோமே" என்று கிழக்குக் குடியிருப்புக்காரர்கள் பேசியதையும் நான் ஏற்கவில்லை. தானேவுக்குப் பிந்தைய நெரிசலை அப்படியே விட்டிருந்தால் 2024இலும் முந்திரி எரிந்திருக்கும். வெட்டியது சரி. வெட்டிய இடத்தை அடுத்த மூன்று ஆண்டு யார் பார்த்துக்கொள்வது என்று எழுதாமல் வெட்டியது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. தீர்மானத்தில் எத்தனை மரம், எத்தனை டன், எவ்வளவு ஏலத்தொகை என்பதெல்லாம் இருந்தது. பராமரிப்பு என்று ஒரு வரி இருந்தது. யார், எந்தப் பணத்தில் என்பது இல்லை. ஏலத்தொகையில் ஒரு பங்கைத் தனியாக வைத்து, மாசி, சித்திரை, ஆவணி என்று மூன்று முறை சருகு கூட்டல், ஒரு களையெடுப்பு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் என்று எழுதியிருந்தால் அந்த மூலை இப்படி ஆகியிருக்காது.

இப்போது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நடுப்பகுதியில் விட்ட பெரிய மரங்களில் சில சாய்ந்தன. கலைத்தால் நிற்கிற மரத்துக்குக் காற்று கூடும் என்பது தெரிந்ததுதான். நல்லவேளையாக அதற்குள் கீழே இருந்த நாட்டுக் கன்றுகள் கொஞ்சம் உயர்ந்துவிட்டன. சாய்ந்ததை வெட்டி எடுக்க அனுமதி கேட்க வேண்டும். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. மாவட்டம் முழுக்கத் தனி அலுவலர்கள் வந்தார்கள். பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டிய அதிகாரியிடம் முப்பது ஏக்கர் சருகைப் பற்றிப் பேசுவது எளிதில்லை. சருகு உரிமை பற்றிய தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் பெண்கள் உள்ளே போகிறார்கள்.

எதிர்பாராத இடத்திலிருந்து பணம் வந்தது. முழுக்க வெட்டு என்று முதலில் நின்ற முந்திரிக்காரர்களில் நான்கைந்து பேர், மாசியில் தங்கள் வேலியை ஒட்டிய பட்டையைக் கூட்டக் கூலி கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு மரம் போனால் எத்தனை ஆண்டு காய்ப்பு போகும் என்று கணக்குப் போட்டால் அது சின்னத் தொகை. ஆனால் கூலி கொடுத்ததால் சருகும் தங்களுக்கே வேண்டும், முந்திரிக் குழியில் போட்டு மக்க வைப்போம் என்கிறார்கள். தீர்மானத்தில் சருகு எங்களுக்கு என்று எழுதியிருக்கிறது, சூளைக்கு விற்கிற காசு எங்கள் குழுவுக்கு என்கிறார்கள் பெண்கள். கிழக்கு மூலையிலோ கத்திச்சவுக்கு நாற்று மறுபடி தோளுயரத்துக்கு வந்துவிட்டது. அதைக் கலைக்க ஆள் கூலி யார் தருவது என்று கேட்டால் இரண்டு தரப்பும் தனி அலுவலரைக் கைகாட்டுகின்றன. அடுத்த கிராம சபைக்கு இந்த இரண்டு பொருளையும் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.